ஓய்வு தோளுக்கு மட்டுமே



சில காலத்துக்கு முன்பு, மாமல்லபுரத்தைச் சேர்ந்த சிற்பி ஒருவர் தம் மனைவியுடன் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தார். வயது ஐம்பதைக் கடந்தவர். வலக்கையை வயிற்றோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று மாதங்களுக்கு முன் அவர் முதன்முறை வந்தபோது தோளில் வலி இருந்தது. ஆனால் கை எல்லாத் திசைகளிலும் ஓரளவு அசைந்தது. இப்போதோ கையை நெற்றி வரை கொண்டுசெல்லவும் இயலவில்லை. எடை நான்கு கிலோ கூடியிருந்தது. கட்டுக்குள் இருந்த சர்க்கரையும் உயர்ந்திருந்தது. இத்தனை நாள்களும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் பேசவில்லை. மனைவிதான் பதில் சொன்னார்: “ஒண்ணும் செய்யல டாக்டர். நீங்கதானே ஓய்வா இருக்கச் சொன்னீங்க? எழுந்து தண்ணிகூட எடுக்க விடாம பாத்துக்கிட்டேன்.”

பழைய மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே ‘ஓய்வு’ என்று ஒரே ஒரு சொல் என் கையெழுத்தில் இருந்தது. எந்த உறுப்புக்கு ஓய்வு, எத்தனை நாள்களுக்கு ஓய்வு, அந்த நாள்களில் உடலின் மற்ற பகுதிகள் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இல்லை. அந்த அம்மையார் நான் எழுதியதை அப்படியே நிறைவேற்றியிருந்தார். பாதியை மட்டும் எழுதிய குறை என்னுடையது. அவருடைய இசைவைப் பெற்று, அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

தோளில் அடிபட்டாலோ வலி கண்டாலோ ஓய்வு தேவைப்படுவது தோளுக்கு. அதுவும் அளவோடும் நாள் கணக்கோடும். கால்களுக்கும், இதயத்துக்கும், நுரையீரலுக்கும், நலமாக உள்ள மற்றொரு கைக்கும் அந்த ஓய்வு பொருந்தாது. அவற்றையும் சேர்த்து முடக்கினால் தோளும் விரைவில் குணமாவதில்லை. புதிய நோய்களுக்கும் இடம் கொடுத்துவிடுகிறோம். இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதுவே.

தோள் ஏன் இறுகுகிறது?

நம் உடலில் மிகுதியாக அசையக்கூடிய மூட்டு தோள்மூட்டே. அந்த வசதிக்கு உடல் ஒரு விலை கொடுத்திருக்கிறது. இடுப்பு மூட்டில் பந்து போன்ற எலும்பு ஆழமான கிண்ணத்துக்குள் பொருந்தியிருக்கிறது. தோளிலோ கிண்ணம் மிகவும் ஆழமற்றது. சிறிய தட்டில் வைத்த பெரிய பந்தைப் போன்றது. அந்தப் பந்து நழுவாமல் நடுவே பிடித்து வைத்திருப்பவை, அதைச் சுற்றி அமைந்த நான்கு தசைகளும் அவற்றின் நாண்களும் ஆகும். பயன்படுத்தாத தசை மெலியும். அந்த நான்கும் மெலிந்தால் பந்தின் பிடி தளர்ந்து, கையைத் தூக்கும்போது எலும்புகளுக்கிடையே நாண் நசுங்கி வலி மிகும். வலிக்கு அஞ்சி மேலும் அசைக்காதிருப்போம். தசை மேலும் மெலியும்.

மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றும் உண்டு. கை தொங்கும்போது அது அக்குளின் பக்கம் மடிந்து கிடக்கும். கையை உயர்த்தும்போது விரிந்து கொடுக்கும். இந்த உறை தடித்துச் சுருங்கிவிடுவதே ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று நீங்கள் கேள்விப்படும் உறைதோள் நோய். பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் காட்மன் 1934-இல் வெளியிட்ட தம் நூலில் இப்பெயரை வழங்கினார். இந்நோய் பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வருகிறது. பெண்களிடம் சற்று அதிகம். சர்க்கரை நோயாளிகளிடம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அடிபடாமலும் வரலாம். அடிபட்ட பிறகோ அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ நெடுநாள் கையை அசைக்காமல் வைத்திருப்பதாலும் வரலாம். வந்துவிட்டால் முழுவதும் நீங்க ஓராண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை ஆகக்கூடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உள்ளதென்று அவை கூறுகின்றன. நம் வீடுகளில் தோள்வலியும் சர்க்கரையும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது இதனால் அரிதன்று. அத்தகையவருக்கு ‘முழு ஓய்வு’ என்பது இரட்டைத் தீங்கு. நடக்காததால் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை தோள் குணமாவதைத் தாமதப்படுத்தும்.

நம் பகுதியின் தோள்கள்

செங்கற்பட்டிலும் கடற்கரையோர ஊர்களிலும் தோளை நம்பிப் பிழைப்பவர்கள் மிகுதி. மாமல்லபுரத்தில் அரசினர் கட்டட, சிற்பக் கலைக் கல்லூரி 1957 முதல் இயங்கி வருகிறது. அங்குப் பயின்றவர்களும் பரம்பரையாகத் தொழில் கற்றவர்களும் நாள் முழுவதும் உளியைப் பிடித்துச் சுத்தியால் அடிக்கிறார்கள். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர்கள் வலை இழுக்கிறார்கள். படகைக் கரையேற்றத் தோள் கொடுக்கிறார்கள். அலைச்சறுக்கு விளையாடும் இளைஞர்கள் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளித் தள்ளி அலையைப் பிடிக்கிறார்கள். 2025 ஆகஸ்ட்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தபின் இவ்விளையாட்டின்பால் ஆர்வம் பெருகியிருக்கிறது. செங்கற்பட்டிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் செல்வோர் மேலே உள்ள பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள். அடுக்களையில் மேல் அலமாரி டப்பாவை எட்டி எடுப்பதும், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றுவதும் தோளின் வேலைகளே.

இவர்களுக்குத் தோள்வலி வந்தால் கூலியும் நின்றுபோகிறது. கூலி நின்ற மனிதர் வீட்டில் படுத்திருக்கிறார். இரவில் வலியால் உறக்கம் இல்லை. பகலில் வேலை இல்லாததால் மனம் சோர்கிறது. என்னிடம் வருபவர்களில் தோளைவிட மனம் தளர்ந்துபோனவர்களே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒழுங்கான உடற்பயிற்சி அந்தச் சோர்வுக்கும் மருந்தாகிறது.

நலமாக உள்ள உறுப்புகளை இயக்குங்கள்

வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். வாரத்தில் இரு நாள்களேனும் தசைகளை வலுவாக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. நாள்பட்ட நோயுள்ளவர்களும் தம் உடல் இடங்கொடுக்கும் அளவுக்கு இதைப் பின்பற்ற வேண்டும் என்பதும் அதன் அறிவுரை. இந்த 150 நிமிடங்களைத் தோளின் உதவி இல்லாமலேயே நிறைவு செய்ய முடியும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நடை இருக்கிறது. சம தரையில், நாளொன்றுக்கு முப்பது நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் நடந்தால் கணக்கு நிறைந்துவிடும். ஒரே மூச்சில் இயலாதவர்கள் ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடக்கலாம். இது சர்க்கரை நோயாளிகளுக்கு மிகவும் ஏற்றது. ஸ்லிங் எனப்படும் கைத்தூளி மாட்டியிருப்பவர்களுக்கு உடலின் சமநிலை சற்றுக் குறையும். ஆதலால் கடற்கரை மணலையும், போக்குவரத்து மிகுந்த கிழக்குக் கடற்கரைச் சாலையையும் தவிர்த்து, காலை வெயில் ஏறுமுன் தெருவிலோ பள்ளி மைதானத்திலோ நடப்பது நல்லது. இன்சுலின் போடுவோர் சட்டைப்பையில் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருக்க வேண்டும்.

நாற்காலியில் அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து மறுபடி அமர்வது தொடைத் தசைகளுக்குச் சிறந்த பயிற்சி. பத்து முறை எனத் தொடங்கலாம். நலமான கையால் சுவரைத் தொட்டபடி குதிகால்களை உயர்த்தி இறக்குவது கெண்டைக்கால் தசைகளுக்கு நல்லது. நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள் இருந்தால், கைப்பிடியில் எடையைச் சாய்க்காமல் மிதிக்கலாம். மாடிப்படி ஏறுவோர் நலமான கையால் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும்.

நலமான கைக்கும் பயிற்சி கொடுங்கள். ஒரு பக்கத்துக் கையைப் பழக்கினால், பழக்காத மறுபக்கத்துக் கையின் வலிமையும் ஓரளவு கூடுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை 1894-லேயே பதிவு செய்தனர். தசையை இயக்கும் கட்டளை மூளையிலிருந்தும் நரம்புகளிலிருந்தும் வருவதே இதற்கான அடிப்படை. இடக்கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டும்போது, தூளியில் உள்ள வலக்கைக்கும் சிறிது நன்மை சேர்கிறது.

தோள் தேறுவது வேறு, உடல் தகுதி பெறுவது வேறு என்பதற்குக் கிரிக்கெட் ரசிகர்கள் அறிந்த ஒரு நிகழ்வைச் சொல்லலாம். தமிழ்நாட்டு அணியின் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி, 2020-இன் இறுதியில் ஆஸ்திரேலியா செல்லும் இந்திய இருபது ஓவர் அணிக்குத் தேர்வானார். தோள் காயத்தால் அவர் விலக, அவ்விடம் நடராஜனுக்குக் கிடைத்தது. 2021 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிரான தொடருக்கு வருண் மீண்டும் தேர்வானார். அம்முறை உடற்தகுதித் தேர்வில் தேறாததால் வாய்ப்பை இழந்தார். அவ்வாண்டு ஜூலையில் இலங்கையில்தான் இந்தியாவுக்காக முதல் இருபது ஓவர் ஆட்டம் ஆடினார். பின்னர் 2025-இல் சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் இடம்பெற்றார். பயிற்சியாளர்கள் சூழ்ந்த விளையாட்டு வீரருக்கே தோளும் உடலும் தனித்தனியே தேற வேண்டியிருக்கிறது என்றால், நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தோளை எப்போது, எப்படி அசைப்பது?

இங்கு ஓர் எச்சரிக்கை. எலும்பு முறிந்தவர்களும், மூட்டு விலகியவர்களும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் தம் மருத்துவர் நாள் குறித்த பின்னரே தோள் பயிற்சிகளைத் தொடங்க வேண்டும். கிழிந்த நாணைத் தைத்த பின் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை கைத்தூளி தேவைப்படும். அக்காலத்திலும் விரல்கள், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை மருத்துவர் கூறியவாறு அசைத்து வரலாம். நடைக்கும் பெரும்பாலும் தடை இராது.

மற்றவர்களுக்குப் பொதுவாக நாங்கள் முதலில் கற்பிப்பது ஊசல் பயிற்சி. இதுவும் மேலே சொன்ன காட்மன் பரப்பிய முறையே. நலமான கையை மேசையில் ஊன்றி, இடுப்பிலிருந்து முன்னே குனிந்து, வலியுள்ள கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடலின் மெல்லிய அசைவால் அது கடிகார ஊசலைப் போல ஆடும்படி செய்ய வேண்டும். அடுத்தது, சுவரை நோக்கி நின்று விரல்களால் படிப்படியாக மேலே ஏறுவது. சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டு வையுங்கள். வாரந்தோறும் அது ஓர் அங்குலம் உயர்ந்தாலும் போதும். மூன்றாவது, படுத்தபடி இரு கைகளாலும் ஒரு கோலைப் பிடித்து, நலமான கையின் துணையால் மற்றதை உயர்த்துவது.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பயிற்சியின்போது சிறிது இழுவலி இருக்கலாம். அது சிறிது நேரத்தில் அடங்கி, மறுநாள் காலையில் தோள் முன்போலவே இருந்தால் அளவு சரி. இரவு உறக்கம் கெட்டாலோ மறுநாள் வலி கூடியிருந்தாலோ அளவைப் பாதியாகக் குறையுங்கள். முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை. உறங்கும்போது வலியுள்ள பக்கம் படுக்காமல், மல்லாந்து படுத்து முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

குணமாகும் வரை தவிர்க்க வேண்டியவையும் உண்டு. கம்பியில் தொங்குதல், தண்டால், தலைக்கு மேல் எடை தூக்குதல், கைகளில் உடல் எடையைத் தாங்கும் சூரிய நமஸ்கார நிலைகள், நீச்சல் ஆகியவற்றை ஒத்திவையுங்கள். எண்ணெய் தேய்த்து இதமாக வருடுவதால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் ‘சுளுக்கு எடுக்கிறேன்’ என்று பிறர் கையைப் பிடித்து வேகமாக இழுக்க ஒருபோதும் இசையாதீர்கள். அதனால் எலும்பு முறிந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இளைஞர்களின் அவசரம்

முதியவர்கள் அசையாமல் கெடுக்கிறார்கள் என்றால், இளைஞர்கள் அவசரத்தால் கெடுத்துக்கொள்கிறார்கள். இளம் வயதில் ஒரு முறை விலகிய தோள் மறுபடியும் விலகும் வாய்ப்பு மிக அதிகம். மூன்றாம் வாரமே வலி குறைந்துவிட்டதென்று உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் பெஞ்ச் பிரஸ் செய்கிறார்கள். வலி நின்றதாலேயே திசு ஆறிவிட்டதென்று பொருளாகாது. அக்காலத்தில் கால்களுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் பயிற்சி செய்து, தோளை இயன்முறை மருத்துவர் சொல்லும் வரிசையில் பழக்கினால், கூடத்தை விட்டு நீங்காமலே குணமடையலாம். தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: உடற்பயிற்சியை விட வேண்டாம், பட்டியலை மாற்றுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

அன்பின் மிகுதியால் நோயாளியின் வேலைகளையெல்லாம் நாமே செய்துவிடுகிறோம். சோறு பிசைந்து ஊட்டுகிறோம், சட்டை மாட்டிவிடுகிறோம், தலை வாரிவிடுகிறோம். முதல் சில நாள்களுக்கு அது தேவை. அதன்பின் அவரால் இயன்றதை அவரே செய்யும்படி விட்டு, அருகில் இருங்கள். சட்டை போடும்போது வலியுள்ள கையை முதலில் நுழைக்கவும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்கவும் கற்றுக்கொடுங்கள். அடிக்கடி எடுக்கும் டப்பாக்களை மார்பளவு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். மாலையில் அவருடன் சேர்ந்து நடங்கள். அவருக்குச் செய்யக்கூடிய பேருதவி அதுவே.

அதே வேளையில் சில அறிகுறிகளை வீட்டார் அறிந்திருக்க வேண்டும். தோள்வலியுடன் நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், வியர்வை, தாடை வலி ஆகியவை சேர்ந்தால் அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். தாமதமின்றி 108-ஐ அழையுங்கள். விழுந்த பின் கையைத் தூக்க இயலாமை, தோளின் வடிவம் மாறுதல், கை மரத்துப்போதல், காய்ச்சலுடன் மூட்டுச் சிவந்து வீங்குதல் ஆகியவற்றுக்கும் உடனடி மருத்துவம் தேவை. எடை குறைவுடன் இரவில் ஓயாத வலி இருந்தாலும் காலந்தாழ்த்தாமல் காட்டுங்கள். தோளுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள்கள் சர்க்கரை உயரக்கூடும். அந்நாள்களில் கூடுதலாகச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனைக்கு அடிக்கடி வர இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிக்கவும் ஏற்பாடு உள்ளது. உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

சீட்டில் இருக்க வேண்டியவை

அந்தச் சிற்பியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்று புதிய சீட்டு எழுதினேன். மருந்துகளின் பக்கத்திலேயே, காலையும் மாலையும் பதினைந்து நிமிட நடை, நாளுக்கு மூன்று வேளை ஊசல் பயிற்சி, இடக்கைக்கும் கால்களுக்கும் பயிற்சி என எண்ணிக்கையோடு எழுதினேன். பட்டறைக்குத் தினமும் போகவும் சொன்னேன். சுத்தியைத் தொடக் கூடாது. ஆனால் இடக்கையால் கல்லில் கோடு போடலாம், பழகும் பையன்களின் வேலையை மேற்பார்க்கலாம். முதல் வாரத்திலேயே அவருக்கு உறக்கம் மேம்பட்டது. சர்க்கரை இரண்டு மாதங்களில் கட்டுக்கு வந்தது. தோள்தான் மெதுவாக வழிவிட்டது. எட்டாம் மாதம் இடுப்பளவு உயரத்தில் வைத்த கல்லில், சிறிய சுத்தியால், அரை மணிக்கொரு முறை இடைவெளி விட்டு வேலையைத் தொடங்கினார்.

கடைசியாக வந்தபோது கையை உயர்த்திக் காட்டச் சொன்னேன். காதைத் தாண்டிச் சற்று மேலே போனது. சிரித்துக்கொண்டே, “அர்ச்சுனன் தபசுல ரெண்டு கையையும் தூக்கி ஒத்தக்கால்ல நிக்கிறாரே, அந்த அளவுக்கு இன்னும் வரல டாக்டர்” என்றார். வரலாம், வராமலும் போகலாம் என்று உண்மையைச் சொன்னேன். தலைவாரவும், சட்டை மாட்டவும், உளி பிடிக்கவும் போதுமான அளவு வந்துவிட்டது.

மருந்தின் பெயரை எழுதும்போது எத்தனை வேளை, எத்தனை நாள் என்று எழுதாமல் எந்த மருத்துவரும் விடுவதில்லை. ஓய்வையும் உடற்பயிற்சியையும் அவ்வாறே எழுத வேண்டும் என்பது என் கருத்து. இப்போது நான் அப்படித்தான் எழுதுகிறேன். நாங்கள் மறந்தால் நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டும். எந்த உறுப்புக்கு ஓய்வு? எத்தனை நாளைக்கு? அதுவரை நான் என்னென்ன பயிற்சி செய்யலாம்? இம்மூன்றுக்கும் விடை பெறாமல் மருத்துவர் அறையை விட்டு எழாதீர்கள்.